பினாங்கில் பிறக்காத கார்: கற்பனை நிறுவனம் ஒன்றுக்கு வரலாறு எழுதுவது எப்படி?

1950களின் பினாங்கில் ஒரு தமிழர் தொடங்கிய கார் நிறுவனத்தை மையமாக வைத்து நாவல் எழுதிக்கொண்டிருப்பதாகவும், நிறுவனத்தின் சின்னம், 1952 முதல் இன்றுவரை வெளிவந்த இருபத்து மூன்று மாடல்கள், அவை வென்ற பந்தயங்கள் எல்லாம் குறிப்பேட்டில் தயாராக இருந்தும் படித்துப் பார்த்த நண்பர்கள் யாரும் நம்பவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். முதல் காரை மோரிஸ் மைனரின் சட்டகத்தின்மேல் கட்டியதாக அமைத்திருக்கிறீர்கள். வரலாற்றை எங்கிருந்து கட்டத் தொடங்குவது, எத்தனை மாடல்கள் இருந்தால் பொருந்தும், அந்த நிறுவனம் மலேசியாவின் தேசியக் கார் நிறுவனமான புரோட்டோனின் காலத்தையும் கடந்து இன்றும் உயிரோடு இருக்கலாமா என்பவை உங்கள் மூன்று கேள்விகள். கோலாலம்பூரில் பல ஆண்டுகள் வாகன உதிரிபாகத் தொழிலில் இருந்தவன் என்ற முறையில் எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்.

உங்கள் குறிப்பேட்டில் அந்த நிறுவனம் செய்தவை மட்டுமே இருக்கின்றன. அதனால் செய்ய முடியாமல் போனவை எதுவும் இல்லை. நண்பர்கள் நம்ப மறுப்பதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஒரு சிறிய கார் நிறுவனத்தின் வரலாறு என்பது எதைத் தன்னால் செய்ய இயலாதோ அதை யாரிடம் வாங்கியது, எந்தப் பணத்தில் வாங்கியது, அந்த வழி அடைபட்டபோது என்ன செய்தது என்பதன் வரலாறு. ஆகவே மாடல் பட்டியலை ஒதுக்கி வைத்துவிட்டு, முதல் காரின் பாகப் பட்டியலை எழுதுங்கள். எஞ்சின், கியர்பாக்ஸ், பின் அச்சு, ஸ்டியரிங், பிரேக், கண்ணாடி, விளக்கு, டயர், வயரிங், உடல் என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே "எங்கிருந்து வந்தது?" என்ற கேள்விக்கு விடை எழுதி முடித்தால், வரலாற்றில் பாதி எழுதி முடிந்துவிடும்.

எஞ்சினை ஒரு பட்டறை தானே வார்த்துக் கடைந்து செய்வது 1950களின் மலாயாவில் நடக்கக்கூடிய காரியமல்ல என்பதை வாசகர் உடனே உணர்ந்துவிடுவார். பலரும் கவனிக்கத் தவறுவது உடல் தகட்டை. கதவையும் கூரையையும் பானெட்டையும் ஒரே அழுத்தத்தில் வடிவமாக்கும் பெரிய அச்சுகளின் விலை, பல்லாயிரம் கார்கள் விற்றால் ஒழியக் கைக்குத் திரும்பாது. அதனால்தான் உலகெங்கும் சிறிய நிறுவனங்கள் கையால் தட்டிய அலுமினியத்தையோ, மரச்சட்டத்தின்மேல் அறைந்த தகட்டையோ, 1950களிலிருந்து ஃபைபர் கிளாஸையோ நாடின. அமெரிக்காவின் கார்வெட் 1953இல் ஃபைபர் கிளாஸ் உடலோடு வந்தது. இங்கிலாந்தின் மோர்கன் மரச்சட்டத்தை விடவே இல்லை. அரசாங்கமே முன்னின்று 1983இல் தொடங்கிய புரோட்டோன்கூடத் தன் முதல் காரைப் புதிதாக வடிவமைக்கவில்லை. 1985 ஜூலையில் வெளியான சாகா, மிட்சுபிஷி லான்சர் ஃபியோரேயை அடிப்படையாகக் கொண்டது. மலேசியாவின் இரண்டாவது தேசியக் கார் நிறுவனமான பெரோடுவா 1994இல் வெளியிட்ட கான்சில், டைஹட்சு மிராவிலிருந்து பிறந்தது. ஒரு நாட்டின் கருவூலமே இப்படித் தொடங்கியிருக்கும்போது, ஜார்ஜ் டவுனில் ஒரு பட்டறைக்காரர் 1952இல் தன் சொந்த வி-8 எஞ்சினோடு தொடங்கினார் என்றால் யார் நம்புவார்கள்?

மோரிஸ் மைனர் பற்றி ஒரு திருத்தம். அந்தக் காருக்குத் தனிச் சட்டகம் கிடையாது, உடலே சட்டகம். உடலைக் கழற்றி எடுத்துவிட்டால் அதற்குக் கீழே வேறொரு உடலைக் கட்ட எதுவும் மிஞ்சாது. உங்கள் பட்டறைக்காரருக்குத் தேவை, உடல் வேறு சட்டகம் வேறாக இருந்த கார். ஆஸ்டின் ஏ40 டெவன் அப்படிப்பட்டது. 1947 முதல் 1952 வரை வந்தது, 1,200 சி.சி. எஞ்சின். 1959இல் வந்த டிரையம்ஃப் ஹெரால்டும் அப்படிப்பட்டதுதான். அதன் மேலுடலைப் போல்ட்டுகளைக் கழற்றித் தூக்கிவிடலாம். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டால், பத்தாண்டுகளுக்குள் இரண்டு தலைமுறை கார்களை நியாயமாகக் கட்டிவிடலாம்.

இனி ஒரு மாதிரி வரலாற்றைக் கட்டிக் காட்டுகிறேன். முழுவதும் கற்பனை, பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள். காருக்கு "மெர்போக்" என்று பெயர் வைத்துக்கொள்வோம். பினாங்கிலும் கெடாவிலும் வீட்டுக் கூண்டில் வளர்க்கிற சிறிய புறாவின் பெயர் அது. மலாய்க்காரர், சீனர், தமிழர், வெள்ளைக்காரர் நால்வர் வாயிலும் சிரமமின்றி நுழையும். 1950களில் நான்கு சமூகத்துக்கும் விற்க நினைக்கும் ஒருவர் தன் குலதெய்வத்தின் பெயரைக் காருக்கு வைப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. அதைப் பட்டறைக்கு வைத்திருப்பார்.

காருக்கு முன் அந்தப் பட்டறை என்ன செய்துகொண்டிருந்தது என்பது அடுத்த கேள்வி. பெரும்பாலான கார் நிறுவனங்கள் வேறொரு தொழிலின் மிச்சத்திலிருந்து எழுந்தவை. பெஜோ காப்பிக்கொட்டை அரைக்கும் கருவியும் ரம்பமும் செய்தது. மாஸ்டா 1920இல் தக்கைத் தொழிலாகத் தொடங்கியது. ஆஸ்திரேலியாவின் ஹோல்டன் 1856இல் குதிரைச் சேணம் விற்ற கடை, பிறகு கார்களுக்கு உடல் கட்டிக்கொடுத்து, 1948இல்தான் தன் பெயரில் ஒரு காரை வெளியிட்டது. ஜாகுவாரின் கதை உங்களுக்கு மிகவும் உதவும். 1922இல் மோட்டார் சைக்கிளுக்குப் பக்கப்பெட்டி செய்யும் தொழிலாகத் தொடங்கி, அடுத்து ஆஸ்டின் செவன் சட்டகத்தின்மேல் தாங்கள் வடிவமைத்த உடலைப் பொருத்தி விற்று, அதற்கும் பிறகே முழுக்காருக்கு வந்தார்கள். நம் ஊரிலேயே சைக்கிள் அண்ட் கேரியேஜ் (சைக்கிளும் குதிரை வண்டியும்) நிறுவனம் 1899இல் கோலாலம்பூரில் தொடங்கியது. அதன் பெயரைப் பார்த்தாலே மோட்டார் காருக்கு முந்தைய காலம் தெரியும்.

மலாயாவில் வாகனத் தொழிலில் உள்ளூர்க்காரர் கைவேலைக்கு உண்மையாகவே இடம் இருந்த துறை ஒன்று உண்டு. பஸ்ஸுக்கும் லோரிக்கும் சட்டகமும் எஞ்சினும் கப்பலில் வரும். உடலை இங்கே தச்சரும் தகடு தட்டுபவரும் கட்டுவார்கள். மெர்போக்கின் வேரை அங்கே ஊன்றலாம். போர் முடிந்த 1946இல், ராணுவம் கழித்துவிட்ட லோரிகளைப் பழுதுபார்க்கும் ஒரு கொட்டகை. 1948இல் கம்யூனிஸ்டு கெரில்லாக்களுக்கு எதிரான அவசரகாலம் பிறந்ததும் தோட்டத்துத் துரைமார்கள் தங்கள் கார்களுக்கு இரும்புத் தகடு போர்த்திக்கொண்டது நடந்த செய்தி. அந்த வேலை நம் கொட்டகைக்கும் வருகிறது. கனமான தகட்டை வளைத்து, கதவுக் கீல் தாங்கும்படி பொருத்தக் கற்றுக்கொள்கிறார்கள். 1950 ஜூனில் கொரியப் போர் மூண்டு ரப்பர் விலை ஏறியபோது தோட்டங்கள் புதிய லோரிகளை வாங்க, உடல் கட்டும் வேலை குவிகிறது. முதல் காருக்கான மூலதனத்தின் ஒரு பகுதி இப்படிக் கித்தா (ரப்பர்) மரத்திலிருந்தே வடிகிறது.

மீதிப் பணத்துக்குப் பினாங்கு ஸ்திரீட்டில் செட்டியார் கிட்டங்கி இருக்கிறது. தயவுசெய்து "வங்கிக் கடன் பெற்றார்" என்ற ஒரு வரியில் இதைக் கடந்துவிடாதீர்கள். கிட்டங்கியின் நீண்ட கூடத்தில் ஒவ்வொரு வட்டிக்கடைக்காரருக்கும் ஒரு சிறு மேசைப்பெட்டி, அதற்குப் பின்னால் ஓர் அலமாரி, அவ்வளவுதான் அலுவலகம். கடன் கேட்டு வருபவர் பாயில் அமர்ந்து பேச வேண்டும். லோரிக்கு உடல் கட்டக் கடன் கேட்டால் செட்டியாருக்குக் கணக்குப் புரியும். தோட்டம் பணம் தரும், வட்டி வரும். "சொந்தமாகக் கார் செய்யப்போகிறேன்" என்றால் அவர் என்ன கேட்பார்? யார் வாங்குவார் என்று கேட்பார். அந்த ஒரு கேள்விக்கு உங்கள் நாயகன் சொல்லும் பதில்தான் நிறுவனத்தின் முதல் வியாபாரத் திட்டம். உங்கள் குறிப்பேட்டில் சின்னத்துக்கு நான்கு பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்கள். இந்த உரையாடலுக்கு அதைவிட அதிகம் ஒதுக்கலாம்.

யார் வாங்குவார்? தோட்டத்துக் கிராணி (எழுத்தர்), டிரெசர் (தோட்ட மருத்துவ உதவியாளர்), தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர், சுங்கைப்பட்டாணிக்கும் கூலிமுக்கும் ஆளேற்றும் வாடகைக் கார்க்காரர். செம்மண் சாலையில் ஓடத் தரை உயரமாக இருக்க வேண்டும். குடும்பம் பெரியது, ஆகவே பின்னிருக்கை அகலம். மழைக்காலத்தில் கண்ணாடியை ஏற்றிவிட்டால் உள்ளே வெந்துவிடும், ஆகவே காற்று வாங்கச் சிறிய முக்கோணக் கண்ணாடி. ஆங்கிலேயக் காரில் ஹீட்டருக்கு விட்டிருந்த இடத்தை என்ன செய்வது என்று தெரியாமல், அங்கே ஒரு தகரப் பெட்டியைப் பொருத்தியிருப்பார்கள். கிராணிகள் அதில் சம்பளப் புத்தகத்தை வைத்திருப்பார்கள். இத்தகைய ஒரு விவரம், வென்ற பந்தயக் கோப்பைகள் பத்தைவிட வாசகரின் நம்பிக்கையை அதிகம் சம்பாதிக்கும்.

பங்காளிகளையும் யோசியுங்கள். தமிழர் மட்டுமே நிறைந்த ஒரு பட்டறையை ஜார்ஜ் டவுனில் வைத்தால் அது கதைக்கு இனிமையாக இருக்கலாம், ஊருக்குப் பொருந்தாது. மரவேலையில் கைதேர்ந்த சீனத் தச்சர், இருக்கை தைப்பவர், வர்ணம் அடிப்பவர் என்று பலர் இருப்பார்கள். பங்காளிகளுக்குள் சண்டை வருவதும் இயல்பு. ஆகஸ்ட் ஹார்ச் தன் பெயரிலேயே தொடங்கிய நிறுவனத்தை விட்டு 1909இல் வெளியேறிய பிறகு தன் சொந்தப் பெயரைக் காருக்கு வைக்கும் உரிமையை இழந்தார். அதனால் பிறந்ததுதான் ஔடி. மெர்போக் என்ற பெயர் யாருக்குச் சொந்தம், பட்டறை நிலம் யாருக்குச் சொந்தம் என்பதை முதல் அத்தியாயத்திலேயே தீர்மானித்துவிட்டால், பதினைந்தாவது அத்தியாயத்தில் அது பலன் தரும்.

இனி ஆண்டுகள். கற்பனை வரலாற்றில் ஆண்டைத் தேர்வது அழகுக்காக அல்ல. அந்த ஆண்டில் துறைமுகத்தில் என்ன நடந்தது என்பதற்காக. 1952 என்று நீங்கள் குறித்ததற்கு எந்தக் காரணமும் தெரியவில்லை. நான் 1957 என்று வைப்பேன். 1956 நவம்பர் முதல் 1957 ஏப்ரல் வரை சூயஸ் கால்வாய் அடைபட்டிருந்தது. இங்கிலாந்திலிருந்து வரும் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றி வர வேண்டியிருந்தது. புதுக்காருக்கு முன்பணம் கட்டியவர்கள் காத்திருக்கிறார்கள். பட்டறையின் பின்புறத்தில் மோதி நசுங்கிய ஆஸ்டின் ஏ40கள் மூன்று நிற்கின்றன, சட்டகமும் எஞ்சினும் நன்றாக இருக்கின்றன. லோரிக்கு உடல் கட்டத் தெரிந்த கைகள் சும்மா இருக்கின்றன. இப்படி ஒரு கட்டாயத்தில் பிறந்த முதல் கார், "நாட்டுக்கென ஒரு கார் வேண்டும் என்று கனவு கண்டார்" என்று தொடங்கும் காரைவிட ஆயிரம் மடங்கு உண்மையாகத் தோன்றும். அதே ஆண்டு ஆகஸ்டு 31இல் மெர்டேக்கா, அதாவது மலாயாவின் சுதந்திரம், வருகிறது. ஆகவே பின்னாளில் நிறுவனத்தின் விளம்பரம் "சுதந்திரத்தோடு பிறந்த கார்" என்று பெருமை பேசும். உண்மையில் அது கப்பல் தாமதத்தில் பிறந்தது.

பினாங்கைத் தேர்ந்ததால் உங்களுக்கு இன்னொரு செல்வமும் கிடைத்திருக்கிறது. நீங்கள் அதைத் தொடவே இல்லை. ஜார்ஜ் டவுன் 1969 வரை சுங்க வரியற்ற துறைமுகம். தீவுக்குள் வந்திறங்கும் பொருள் மலிவு; அதே பொருள் கடலைக் கடந்து பட்டர்வொர்த்துக்குப் போனால் சுங்க எல்லைக்குள் நுழைகிறது. பாகங்களை வரியின்றி வாங்கித் தீவில் கார் கட்டுவது இலாபம். ஆனால் வாங்குபவர்கள் பெரும்பாலும் அக்கரையில் இருக்கிறார்கள். தீவிலேயே விற்றால் சந்தை சிறியது. அக்கரைக்குக் கொண்டுபோனால் வரி. பட்டறையை அக்கரைக்கு மாற்றினால் பாகத்துக்கு வரி. இந்த முடிச்சு பத்தாண்டுக் கதையைத் தாங்கும். பாலம் 1985இல்தான் வந்தது. அதுவரை ஒவ்வொரு காரும் ஃபெரியில்தான் கடக்க வேண்டும். ஃபெரிக்கு வரிசையில் நிற்கும் புதுக் காரைச் சுற்றிவந்து பார்க்கிற கூட்டம்தான் மெர்போக்கின் முதல் கண்காட்சி என்று எழுதலாம். மெர்போக்கின் நம்பர் பலகையில் பினாங்கின் 'பி' எழுத்து இருப்பதும், அக்கரைக்காரர் அதைப் பார்த்துவிட்டு வரி கட்டிய காரா என்று விசாரிப்பதும் தானாக வரும்.

இரண்டாம் தலைமுறைக்கு 1961ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஏ40 சட்டகங்கள் பழையவை, கிடைப்பதும் குறைகிறது. ஹெரால்டின் சட்டகம் வந்திருக்கிறது. அதே ஆண்டில் மெட்ராஸில் ஸ்டாண்டர்டு நிறுவனம் ஹெரால்டைப் பொருத்தத் தொடங்கியது. உங்கள் நாயகன் ரஜூலா கப்பலில் ஏறி மெட்ராஸுக்குப் போய் அந்தத் தொழிற்சாலையைப் பார்த்துவிட்டு வரலாம். கோயம்புத்தூருக்கும் ஒரு நடை போய் ஜி.டி. நாயுடுவின் இயந்திரங்களைக் கண்டு வியக்கலாம். அவரும் ஒரு சிறிய காரைச் செய்து பார்த்தவர், அது சந்தைக்கு வரவில்லை என்பதை நாயகன் கேட்டறிந்தால் அந்தப் பயணத்துக்கு ஒரு கனம் கிடைக்கும். திரும்பி வந்ததும் தகட்டை விட்டு ஃபைபர் கிளாஸுக்கு மாறுகிறார்கள். துரு பிடிக்காது, ஆனால் பினாங்கின் ஈரக் காற்றில் பிசின் சீராக இறுகாமல் முதல் சில உடல்கள் வளைந்துபோயிருக்கும்.

மெர்போக்குக்கென்று சொந்தமான ஒரு பொறியியல் யோசனையும் வேண்டும். ஒன்றே ஒன்று போதும். ரப்பர் நாட்டில் பிறந்த காருக்கு ரப்பர் ஸ்பிரிங்கைத் தவிர வேறென்ன? 1959இல் வந்த மினி, எஃகுச் சுருளுக்குப் பதில் அலெக்ஸ் மோல்டன் வடிவமைத்த ரப்பர்க் கூம்புகளின்மேல் நின்றது. ஆகவே இது காலத்துக்குப் பொருந்தாத கற்பனையல்ல. செம்மண் சாலையின் குலுக்கலைக் குறைக்க, பின்புற ஸ்பிரிங்கோடு தடித்த ரப்பர்க் கட்டைகளை மெர்போக்கில் சேர்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சரக்குப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வருகிறது. சவாரி மெத்தென்று இருக்கிறது. எல்லோரும் பாராட்டுகிறார்கள்.

இப்போது அதே யோசனைக்குள் ஒரு குறையை வையுங்கள். இயற்கை ரப்பருக்கு எண்ணெய் ஆகாது. எஞ்சின் ஆயில் தொடர்ந்து பட்டால் உப்பி, மென்மையாகி, பிதுங்கும். அந்தக் காலத்து ஆங்கிலேய எஞ்சின்களும் பின் அச்சுகளும் ஆயில் கசியாமல் இருந்ததாக யாரும் சொல்ல மாட்டார்கள். இரண்டு ஆண்டுகள் ஓடிய மெர்போக்குகள் ஒருபக்கம் சாய்ந்து நிற்கத் தொடங்குகின்றன. வாடகைக் கார்க்காரர்கள் அதற்கு ஒரு கேலிப்பெயர் வைக்கிறார்கள். 1963 முதல் வந்த கார்களில் ரப்பருக்கு மேலே ஒரு தகட்டு மறைப்பு இருக்கும். பழைய கார்களுக்குப் பட்டறையில் இலவசமாகப் போட்டுக் கொடுத்தார்கள், அந்தச் செலவு ஒரு வருடத்து இலாபத்தைத் தின்றது. இன்று ஒரு சேகரிப்பாளர் மெர்போக்கைக் கண்டால் முதலில் குனிந்து பார்ப்பது அந்த மறைப்பு இருக்கிறதா என்பதைத்தான். இப்படி ஒரு குறையும் அதைச் சரிசெய்த ஆண்டும் இருந்தால், உங்கள் கார் வெறும் படமாக இல்லாமல் பொருளாகிவிடும்.

நிறுவனம் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்ளும் கதையை இன்னொரு அடுக்காக எழுதுங்கள். அது நடந்ததோடு ஒத்துப்போகக் கூடாது. பிஎம்டபிள்யூவின் வட்டச் சின்னம் சுழலும் விமான விசிறியைக் குறிக்கிறது என்று பலர் இன்றும் நம்புகிறார்கள். அதன் நீலமும் வெள்ளையும் பவேரியா மாநிலத்தின் நிறங்கள். விமான விசிறிக் கதை 1929இல் வந்த ஒரு விளம்பரப் படத்தால் பரவியது. நிறுவனமும் நெடுங்காலம் அதை மறுக்கவில்லை. மெர்போக்குக்கும் அப்படி ஒன்று கொடுங்கள்: ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு தாவரவியல் பூங்காவிலிருந்து பினாங்கின் கொடிமலை உச்சிவரை நிற்காமல் ஏறியது என்று. செங்குத்தான ஜீப் பாதை அது. பட்டறையில் வேலை பார்த்த கிழவர் ஒருவர் கடைசியில் சொல்லட்டும்: காரில் இருந்தது இரண்டு பேர், மற்ற மூவரும் பின்னால் தள்ளிக்கொண்டு வந்தார்கள். நாவலில் எந்தக் கதை எங்கே வருகிறது என்பது உங்கள் விருப்பம். ஆனால் இரண்டையும் நீங்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

எத்தனை மாடல்கள் என்ற கேள்விக்குக் கணக்கே பதில் சொல்லும். முப்பது பேர் வேலை செய்யும் பட்டறை, லோரி உடல் வேலைக்கு நடுவே மாதம் இரண்டு கார் முடிக்கும் என்று வையுங்கள். வருடத்துக்கு இருபத்து நான்கு. பத்தாண்டில் ஏறத்தாழ இருநூற்று நாற்பது. இதற்குள் இருபத்து மூன்று மாடல்களை அடைக்க முடியாது. இரண்டு அடிப்படை மாடல்கள், ஒவ்வொன்றிலும் சலூனும் வேனும், போனால் போகிறதென்று முதலாளியின் மகன் பிடிவாதத்தில் உருவான ஒரே ஒரு ஸ்போர்ட்ஸ் கார். அமெரிக்காவில் அவ்வளவு பேசப்பட்ட டக்கர் காரே மொத்தம் 51தான் செய்யப்பட்டது. சிறிய எண் குறைவல்ல; ஒவ்வொரு காரும் யாரிடம் போனது என்று பட்டறையின் பேரேட்டில் எழுதியிருக்கும் என்ற வசதி அதில் உண்டு.

பந்தயத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆசைப்பட்டால் ஸ்போர்ட்ஸ் காரைச் சிங்கப்பூர் தாம்சன் சாலைப் பந்தயத்துக்கு அனுப்பிப் பாதியில் நிறுத்துங்கள். 1962 முதல் சில ஆண்டுகள் சிங்கப்பூரில் நடந்த அந்தப் பந்தயத்துக்கே மலேசிய கிராண்ட் பிரீ என்று பெயர் இருந்தது. தெரியாமல் எழுதினால் தவறு போலவே தோன்றும் உண்மைகளில் அதுவும் ஒன்று. பத்து தீகா ஓடுதளம் 1968இல்தான் திறந்தது.

நாவலுக்கு நடுவே விளம்பரம், ரசீது, கடிதம் போன்ற ஆவணங்களைச் சேர்க்கப்போவதாகச் சொல்கிறீர்கள். அங்கே சிறு பிழைகள் பெரிதாகத் தெரியும். கோலாலம்பூர்க் காரின் நம்பர் பலகையில் 'டபிள்யூ' எழுத்து 1974இல் கூட்டரசுப் பிரதேசம் ஆன பிறகே. அதற்கு முன் சிலாங்கூரின் 'பி'. ஆங்கிலத்தில் பினாங்குக்கும் சிலாங்கூருக்கும் எழுத்து வேறு. தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகிவிடும், ஆகவே எந்த மாநிலம் என்று சொல்லிவிடுங்கள். 1975க்கு முன் ரசீதில் ரிங்கிட் என்று அச்சிட வேண்டாம், டாலர். பேச்சில் எப்போதும்போல் வெள்ளி. வேகம் மைலில், பெட்ரோல் கேலனில். விளம்பரம் நான்கு மொழிகளில் தனித்தனியே வந்திருக்கும். மலாய் விளம்பரத்தில் ஜாவி எழுத்து (மலாய்க்கான அரபு வரிவடிவம்) இருந்தால் நன்று. நம்பர் பலகையில் இல்லாமல் காரிலேயே பொறிக்கும் அடையாள எண்ணைப் பொறுத்தவரை, 17 எழுத்துகள் கொண்ட உலகப் பொது முறை 1980களில்தான் பரவியது. அதில் ஆங்கில ஐ, ஓ, க்யூ மூன்றும் வராது. புரோட்டோனின் எண் 'பிஎல்1' என்றும் பெரோடுவாவின் எண் 'பிஎம்2' என்றும் தொடங்கும். மெர்போக்குக்கு அதெல்லாம் வேண்டாம். ஒரு பித்தளைத் தகட்டில் உளியால் கொத்திய மூன்று இலக்கம் போதும். படம் வரைய இப்போதைய செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பயன்படுத்துவதானால் ஸ்டியரிங் எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஒவ்வொரு படத்திலும் பாருங்கள். இடப்பக்கம் வைப்பதில் அவற்றுக்குத் தனி ஆனந்தம்.

பெயரை இறுதியாக்கும் முன் மலேசிய அறிவுசார் சொத்துக் கழகத்தின் வணிகச்சின்னப் பதிவேட்டில் வாகனங்களுக்குரிய 12ஆம் வகுப்பில் தேடிவிடுங்கள். உண்மையான நிறுவனங்களை உங்கள் கதையில் வரவிடலாம், அவர்கள் செய்யாத தீமையை அவர்கள் தலையில் கட்டக் கூடாது. மெர்போக்கை ஒழிக்க ஒரு வில்லன் நிறுவனம் தேவைப்பட்டால் அதையும் நீங்களே படைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் வில்லனே தேவைப்படாது என்பது என் எண்ணம். உங்கள் மூன்றாம் கேள்விக்கான பதிலும் இதுதான்: மெர்போக் புரோட்டோன் காலம்வரை இருக்க முடியாது, 1967இலிருந்து 1969க்குள் முடிந்துவிட வேண்டும். அந்த மூன்று ஆண்டுகளில் பினாங்கு வியாபாரி ஒருவருக்கு நேரக்கூடியவை எல்லாம் நேர்ந்துவிட்டன. 1967 ஜூனில் சூயஸ் மறுபடி அடைபட்டது, இம்முறை எட்டு ஆண்டுகளுக்கு. அதே மாதம் புதிய மலேசிய டாலர் வந்தது. நவம்பரில் பிரிட்டன் பவுண்டின் மதிப்பைக் குறைத்தபோது, பவுண்டோடு கட்டப்பட்டிருந்த பழைய நோட்டும் அதனுடன் சரிந்து, ஒரு வெள்ளி எண்பத்தைந்து காசாயிற்று. பினாங்கில் கடையடைப்பு நடந்து, அது கலவரமாகி உயிர்ச்சேதமும் ஏற்பட்டது. பட்டறையின் இரும்புப் பெட்டியில் பழைய நோட்டு எவ்வளவு இருந்தது என்பதை நீங்கள் தீர்மானியுங்கள். பவுண்டு சரிந்ததால் ஹெரால்டு சட்டகம் மலிவாகக் கிடைத்திருக்கும், உண்மைதான். ஆனால் முழுதாக வந்திறங்கும் ஆங்கிலேயக் கார்களும் அதே அளவு மலிவாகியிருக்கும். அதே 1967இல் ஷா ஆலமில் வால்வோவின் பொருத்தும் ஆலை வந்தது. வெளிநாட்டு நிறுவனங்களின் பாகங்களை இங்கே கொண்டுவந்து பொருத்துவதே அரசாங்கத்தின் வழியாகிவிட்டபோது, மாதம் இரண்டு கார் முடிக்கும் பட்டறைக்கு அதில் இடமில்லை. 1969இல் வரியற்ற துறைமுகம் என்ற தகுதியும் போயிற்று. தீவில் இருப்பதற்கு இருந்த ஒரே காரணமும் அதோடு போயிற்று.

"முடிந்துவிட வேண்டும்" என்றேன். பூட்டிவிட வேண்டும் என்று சொல்லவில்லை. லோரி உடல் கட்டும் வேலை நிற்காது. பட்டறை அக்கரையில் மாக் மண்டினுக்கு இடம் மாறி, பஸ் உடல் கட்டிக்கொண்டு, 1980கள்வரை நடக்கலாம். கதவருகே பதிக்கும் சிறு பித்தளைத் தகட்டில் மட்டும் மெர்போக் என்ற பெயரும் அந்தப் புறாவும் தொடரும். 1985இல் பாலம் திறந்தபோது பிரதமர் மகாதீர் சிவப்புப் புரோட்டோன் சாகாவை ஓட்டிக்கொண்டு அதைக் கடந்தார். அன்று உங்கள் நாயகனுக்கு எழுபதை ஒட்டிய வயது இருக்கும். அவரை அழவைப்பீர்களோ என்று பயமாக இருக்கிறது, வேண்டாம். மறுநாள் ஒரு சாகாவை வாங்கிவரச் செய்து, ஜாக்கி போட்டுத் தூக்கி, பின்புற ஸ்பிரிங்கை எப்படிப் பொருத்தியிருக்கிறார்கள் என்று அடியில் படுத்துப் பார்க்க வையுங்கள். அதில் அவர் கண்டுபிடிக்கும் குறைகளை மகனிடம் ஒவ்வொன்றாகச் சொல்லட்டும். அவர் சொல்வதில் பாதியாவது தொழில்நுட்ப ரீதியாகச் சரியாக இருக்க வேண்டும் என்பதால், அந்த அத்தியாயத்தை எழுதுமுன் பழைய சாகா ஒன்றைப் பழுதுபார்க்கும் மெக்கானிக் யாருடனாவது அரைநாள் இருந்துவிட்டு வாருங்கள். ஜெலுத்தோங் பக்கம் விசாரித்தால் ஆள் கிடைப்பார்.